உடுத்த துணியைக் கொடுத்தல்



எங்கள் ஊருக்குப் பிள்ளைச்சாவடி என்று பெயர். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வடக்கே சென்றால், காலாப்பட்டுக்கு அருகே இவ்வூர் அமைந்திருக்கக் காணலாம். சாலைக்குக் கிழக்கே மீனவர் குப்பம். மேற்கே தோப்புகளும் குடியிருப்புகளும். சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். வெயிலிலும் மழையிலும் வந்தவனை, நீ யார், எவ்வூர் என்று கேளாமல் தங்க விடுவதே சாவடியின் இலக்கணம். அப்படிப்பட்ட பெயரைத் தாங்கிய ஊரிலே வாழ்ந்துகொண்டு, கொடுப்பதைப் பற்றி நான் கற்க வேண்டியதை நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் கற்றேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகவே இருக்கிறது. எனினும் இன்று அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பொருள் மிகவும் சிறியது. நாம் உடுத்துக் கழித்த துணியை ஏழைகளுக்குக் கொடுப்பது. இதிலே பேசுவதற்கு என்ன இருக்கிறது, வீட்டிலே பெட்டி நிறைந்துவிட்டது, எடுத்துக் கொடுத்தால் கொடுத்தவனுக்கும் புண்ணியம், வாங்கியவனுக்கும் பயன் என்று நேயர்கள் நினைக்கலாம். நானும் அவ்வாறே நினைத்திருந்தேன்.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை வந்தது. எங்கள் குப்பத்திலும் நீர் புகுந்து படகுகளையும் வலைகளையும் வாரிக்கொண்டு போயிற்று. ஆனால் எங்கள் இழப்பு, காரைக்காலும் நாகப்பட்டினமும் பட்ட இழப்பின் முன் மிகச் சிறியது. நாகை மாவட்டம் ஒன்றிலேயே ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். புதுச்சேரி ஆட்சிப் பகுதியிலும் பெரும்பாலான உயிர்கள் காரைக்காலில்தான் போயின. நான் அப்போது உதவியாசிரியன். நான் பணியாற்றிய பள்ளியில் கரையோர மக்கள் வந்து தங்கினார்கள். மூன்றாம் நாள் முதல் லாரிகள் வரத் தொடங்கின. அரிசி வந்தது, பால்மாவு வந்தது, பாய் வந்தது. அவற்றுக்கெல்லாம் மேலாக மூட்டை மூட்டையாகத் துணி வந்தது.

அந்த மூட்டைகளைப் பிரித்துத் தரம் பார்க்கும் வேலை ஆசிரியர்களாகிய எங்கள் தலையில் விழுந்தது. முதல் மூட்டையைப் பிரித்தபோதே பக்கத்திலிருந்த ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார். துவைக்காத சேலைகள், கொக்கி அறுந்த இரவிக்கைகள், முழங்கால் தேய்ந்த காற்சட்டைகள், உள்ளாடைகள், கழுத்துப்பட்டை ஒன்று, மலைநாட்டுக் குளிருக்கேற்ற கம்பளிச் சட்டைகள் ஓர் இருபது. கடற்கரையில் வாழும் மீனவனுக்குக் கம்பளிச் சட்டை எதற்கு? லுங்கி கட்டுகிறவனுக்குக் கழுத்துப்பட்டை எதற்கு? நல்ல துணிகளும் இருந்தன. இல்லையென்று சொல்வது அநீதி. ஒரு மூட்டையில் ஒரு சேலைக்குள் பத்து ரூபாய்த் தாள் ஒன்றும் ஒரு பொட்டலம் குங்குமமும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அந்தச் சேலையை அனுப்பிய அம்மையார் யாரோ, அவர் கொடுக்கத் தெரிந்தவர். ஆனால் அத்தகைய துணி பத்துக்கு ஒன்றுதான் தேறிற்று.

தேறியவற்றை மேசைமேல் அடுக்கி மக்களை அழைத்தோம். வயதில் மூத்த மீனவப் பெண்மணி ஒருவர் முன்னே வந்தார். ஒரு சேலையை விரித்துப் பார்த்தார். மறுபடியும் மடித்து வைத்தார். "வீடு போனது வாஸ்தவம்தான் சார். அதுக்காக யாரோ கட்டி அவுத்ததை நான் கட்டிக்கணுமா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுத் தாம் உடுத்திருந்த ஈரச் சேலையோடு போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பின் வரிசையில் நின்றவர்களும் கலைந்தார்கள். எனக்கு அப்போது சினமே வந்தது. கொடுக்கும்போது வாங்கிக்கொள்ளாமல் இவ்வளவு இறுமாப்பா என்று நினைத்தேன். அந்நினைப்பை மறைத்துப் பேசினால் இந்தப் பேச்சுக்குப் பொருளில்லை.

அடுத்த மாதம் சில ஆசிரியர்களோடு கடலூர் வழியாக நாகப்பட்டினம் சென்றேன். சாலையின் இரு மருங்கிலும் துணிக் குவியல்கள். ஓடும் வண்டியிலிருந்தே வீசிவிட்டுப் போனவர்களும் உண்டு என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். பனியிலும் சேற்றிலும் கிடந்து அவை மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருந்தன. ஆடுகள் அவற்றின்மேல் படுத்திருந்தன. அள்ளி அப்புறப்படுத்துவது துப்புரவுப் பணியாளர்களுக்குத் தனி வேலையாயிற்று. பிணங்களையும் இடிபாடுகளையும் அகற்றிக் களைத்த கைகள் நம் பெட்டிக் கழிவுகளையும் அகற்ற வேண்டியதாயிற்று. இது நாகைக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1998 ஆம் ஆண்டு நடு அமெரிக்காவிலுள்ள ஹோண்டுராஸ் நாட்டைப் புயல் தாக்கியபோது, நன்கொடைத் துணிகள் விமானத் தளத்தை அடைத்துக்கொண்டதால், நிவாரணப் பொருளோடு வந்த விமானம் இறங்க இடமில்லாது போயிற்று என்று அமெரிக்க நிவாரண அதிகாரி ஒருவர் பின்னாளில் கூறினார். வெப்ப நாடாகிய அங்கேயும் குளிர்கால மேலங்கிகள் வந்து இறங்கினவாம்!

இதைப் படித்தபோது எனக்குப் பேகன் நினைவு வந்தது. மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன் நான். மயில் அதை உடுத்தப் போவதுமில்லை, போர்த்தப் போவதுமில்லை என்பதை அவனும் அறிந்தே கொடுத்தான் என்பது பரணர் பாட்டின் கருத்து. கைம்மாறு கருதாத அவனுடைய உள்ளத்தைப் புலவர் பாராட்டுகிறார், அது முறையே. ஆயினும் அந்த மயில் என்ன நினைத்தது என்று எந்த மாணவனும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

பழந்துணியை நம் மக்கள் வெறுப்பதற்குக் காரணம் என்ன? துணி பழையது என்பதா? அன்று. பிறந்த குழந்தையை முதன்முதலில் நாம் எதிலே கிடத்துகிறோம்? பாட்டியின் நைந்த சேலையில்தான். ஏணை கட்டுவதும் அதிலேதான். அண்ணன் சட்டை தம்பிக்கு, அக்காள் பாவாடை தங்கைக்கு என்று போவது எல்லா வீடுகளிலும் உள்ள வழக்கம். இவற்றிலே இழிவு எதுவும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வெளியே போகும் துணிக்கு நம் நாட்டில் ஒரு கணக்கு உண்டு. ஒத்தவர்களுக்குள் கொடுப்பது கோடித் துணி. திருமணத்துக்குத் தாய்மாமன் கொண்டு வருவதும் கோடி. இறந்தவர்மேல் உறவினர் போர்த்துவதும் கோடி. உடுத்த துணியோ கீழ்நோக்கித்தான் போகும். இறந்தவரின் உடைகள் வண்ணாருக்கும், பண்ணை வீட்டுப் பழந்துணி பண்ணையாளுக்கும் போயின. அதைக் கையேந்தி வாங்கியவர் தாம் இன்ன படியில் நிற்கிறோம் என்பதை ஊரறிய ஒப்புக்கொண்டவராகக் கருதப்பட்டார். நூறு ஆண்டுகளாக நடந்த இந்தக் கணக்கை ஒரு பேரலை அழித்துவிடுமா? கடலைத் தம் உடைமையாக எண்ணி, தம் குப்பத்தைத் தம் பஞ்சாயத்தாலேயே ஆண்டு வந்த மக்களிடம் நாம் மூட்டையை நீட்டியபோது, துணியை மட்டும் நீட்டவில்லை. ஒரு படியையும் சேர்த்து நீட்டினோம். அந்த அம்மையார் மடித்து வைத்தது அதைத்தான்.

இதை அன்றே உணர்ந்திருந்தால், பின்னர் நான் செய்த பிழையைச் செய்திருக்க மாட்டேன்.

அதன்பின் மூன்று ஆண்டுகள் கழித்து நடந்தது. ஏழாம் வகுப்பில் மீனவச் சிறுவன் ஒருவன் இருந்தான். கணக்கில் கெட்டிக்காரன், விடையை எழுதுமுன் வாய் சொல்லிவிடும். அவனுடைய சீருடைச் சட்டை முதுகில் கிழிந்து, கிழிசலுக்குமேல் கிழிசலாகத் தைக்கப்பட்டிருந்தது. வகுப்பில் கடைக்காரர் மகன் ஒருவன் இருந்தான். அவன் தந்தையாரிடம் நான் பேச்சுவாக்கில் சொல்ல, அவர் தம் மகனுக்குச் சிறியதாகிப்போன சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பினார். நல்ல சட்டை, துவைத்துத் தேய்த்தது. நானும் மகிழ்ச்சியோடு அதைச் சிறுவன் கையில் கொடுத்து, நாளை முதல் இதைப் போட்டுக்கொண்டு வா என்றேன். அவனும் போட்டுக்கொண்டு வந்தான். இரண்டாம் பொத்தான் மட்டும் வேறு நிறம். அதைக் கண்டு கடைக்காரர் மகன், "டேய், இது என் சட்டைடா" என்று வகுப்பறையிலேயே சொல்லிவிட்டான். அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தன் பொருளைக் கண்ட வியப்பில் சொன்னான். வகுப்பு சிரித்தது. மறுநாள் முதல் அந்தச் சிறுவன் பள்ளிக்கு வரவில்லை.

ஒன்பதாம் நாள் நான் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தாயார் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய், அந்தச் சட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். துவைத்து, மடித்து, ஒரு தாளில் சுற்றி வைத்திருந்தார். "பத்து நாளா பாடு சரியில்லே சார். பாடு கெடைச்சா தீபாவளிக்குள்ளே புதுசு எடுத்திருப்போம். நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. "தப்புதான் அம்மா" என்றேன். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலே குழந்தை உளவியல் என்று ஒரு தாள் எழுதித் தேறியவன் நான். அந்தப் பாடத்தில் இது இல்லை.

சிறுவன் திரும்ப வந்தான். ஆனால் அதன்பின் முன்வரிசையில் உட்காரவில்லை. விடை தெரிந்தாலும் வாய் திறப்பதில்லை. எட்டாம் வகுப்பு முடிந்ததும் படகுக்குப் போய்விட்டான். அதற்கு அந்தச் சட்டைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. காரணம் இல்லை என்று சொல்லவும் என் மனம் இடங்கொடுக்கவில்லை.

அன்பர்களே, கொடுப்பவன் தடுமாறும் இடங்களை மட்டும் சொன்னால் கதை பாதிதான். உண்மையாகவே துணி தேவைப்பட்டவர் அன்று எவருமில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆழிப்பேரலைக்குப் பின் உதவிகள் பெரும்பாலும் மீனவப் பஞ்சாயத்துகளின் பட்டியல் வழியாகவே சென்றன. அப்பட்டியலில் படகும் வலையும் உடையோர் இருந்தனர். உப்பளத்திலும் வயலிலும் கூலிக்கு உழைத்த தலித் மக்களும், கழிமுகங்களில் கையால் நண்டும் இறாலும் பிடித்து வாழ்ந்த இருளரும் பல இடங்களில் விடுபட்டனர். குடும்பத் தலைவர் பெயரில் எழுதப்பட்ட பட்டியலில் கணவனை இழந்த பெண்களுக்கு இடம் கிடைப்பது அரிதாயிற்று. ஒருபுறம் சாலையோரத்தில் துணி மட்கியது. மறுபுறம் சாலையைக் கடந்து அரைக் கல் தொலைவில் மாற்றுத் துணியின்றிப் பெண்கள் இருந்தார்கள். இடையிலே நின்றது சாலை மட்டுமன்று என்பதை நான் சொல்லாமலே நேயர்கள் அறிவார்கள்.

அந்தக் குவியல்கள் முழுவதும் வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தில்லியில் கூஞ்ச் என்றோர் அமைப்பு உண்டு. அன்ஷு குப்தா என்பவர் 1999 ஆம் ஆண்டில் தம் வீட்டுத் துணிகள் 67 கொண்டு அதைத் தொடங்கினார். ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டில் மக்கள் ஒதுக்கிய துணிகளைத் திரட்டி, தரம் பிரித்து, பயன்படும் வகையில் மாற்றும் வேலையை அவ்வமைப்பு மேற்கொண்டது. உடுக்கத் தகாத பருத்தித் துணியை வெட்டி, சுத்தம் செய்து, பெண்களின் மாதவிலக்குக்கு உரிய துணிப்பட்டைகளாக மடித்துத் தருகிறார்கள். நாட்டில் எத்தனை பெண்கள் அந்த நாட்களில் சாம்பலையும் சாக்கையும் நாடுகிறார்கள் என்பதை ஆண்களாகிய நாம் பேசுவதில்லை. வானொலியில் இதைச் சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். தயங்கியது போதும் என்று தோன்றிற்று. இன்னொன்றும் செய்தார்கள். ஒரு கிராமத்தார் தாமே கூடி, கிணறு தூர்வாருவதோ மூங்கிற் பாலம் கட்டுவதோ, தமக்கு வேண்டிய பொதுப் பணி ஒன்றைத் தேர்ந்து செய்து முடிப்பர். அதற்கு ஊதியமாகத் துணி வழங்கப்படும். வாங்குகிறவர் அங்கே இரவலர் அல்லர், உழைத்தவர். அன்ஷு குப்தாவுக்கு 2015 ஆம் ஆண்டு மகசேசே விருது வழங்கப்பட்டது.

கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் பாராதிருக்க வழி தேடியவர்களும் உண்டு. ஈரான் நாட்டின் மஷ்ஹத் நகரில் 2015 ஆம் ஆண்டு ஒரு சுவரில் கொக்கிகளை அடித்து, வேண்டாதவர் விட்டுச் செல்க, வேண்டியவர் எடுத்துச் செல்க என்று எழுதி வைத்தார்கள். அவ்வழக்கம் பல நாடுகளுக்கும் பரவிற்று. 2017 ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அன்புச்சுவர் என்ற பெயரில் இதைத் தொடங்கி வைத்தார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இத்தகைய சுவரை நாள்தோறும் ஒழுங்கு செய்ய ஓர் ஆள் வேண்டும். இல்லையேல் ஆறு மாதத்தில் அது குப்பைத்தொட்டியாகிவிடும். முகம் தெரியாதபோது கை கூசாமல் கந்தலைப் போடுகிறவர்கள் நம்மில் உண்டு. அரசு 1983 முதல் தமிழ்நாட்டில் பொங்கலுக்கு வேட்டியும் சேலையும் இலவசமாக வழங்கி வருவதை மக்கள் தயக்கமின்றி வாங்குகிறார்கள் அல்லவா? அது இலவசமாயினும் கோடி. நெசவாளர்க்கும் அதனால் வேலை. அந்த வேறுபாட்டை மக்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்.

துணியைப் பற்றிப் பேசும்போது புதுச்சேரிக்காரன் வேறொன்றையும் எண்ணாமல் இருக்க முடியாது. சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில், இங்கே நெய்து நீலம் தோய்த்த கினித் துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனகல் நாட்டுக்குப் போயிற்று. அங்கே பிசின் வாங்குவதற்கு அத்துணியே நாணயம்போல் செல்லுபடியாயிற்று. 1898 இல் தோன்றிய ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையின் சங்கொலி கேட்டு எழுந்த தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. அந்த ஆலை 2020 இல் மூடப்பட்டது. ஆப்பிரிக்காவிலோ இன்று கானா நாட்டு அக்ரா நகரின் கண்டமான்டோ சந்தையில் செல்வ நாடுகளின் பழந்துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. அதற்கு அவர்கள் இட்ட பெயர், இறந்த வெள்ளைக்காரரின் உடை என்பதாம். இவ்வளவு துணியை உயிரோடு இருப்பவர் கழித்திருப்பாரா என்ற ஐயம் அப்பெயரில் இருக்கிறது போலும்! மூட்டையில் விலைபோகாதது கடற்கரையில் ஒதுங்குகிறது. நாகைச் சாலையைக் கண்ட என் கண்ணுக்கு அது புதிதன்று.

எங்கள் ஊரில் நாங்கள் செய்வதைச் சொல்லி முடிக்கிறேன். ஓய்வு பெற்ற பின் நானும் இரண்டு மூன்று நண்பர்களும் சேர்ந்து செய்யும் சிறிய வேலை அது. வழியைக் காட்டியவர் அந்தச் சிறுவனின் தாயாரே. புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தையில் அவர் மலிவுத் துணி எடுப்பார். அவற்றில் பழையனவும் உண்டு. ஒருநாள் சாலையில் கண்டபோது, "இதெல்லாம் யாரோ கட்டினதுதானே அம்மா, இதை எப்படி வாங்குகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனாலும் அவர் சிரித்துக்கொண்டே, "இது பேரம் பேசி வாங்கினது சார்" என்றார்.

ஆகவே நாங்கள் துணி கொடுப்பதில்லை, விற்கிறோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை மாலையில், மேசை போட்டு வைக்கிறோம். பள்ளியில் படித்து முடித்த பிள்ளைகளின் சீருடை, சேலை, வேட்டி, குழந்தைத் துணி. எல்லாம் துவைத்துத் தேய்த்தவை. பொத்தான் இல்லாததை என் மனைவி தைத்துத் தருகிறாள்; எல்லாப் பொத்தானும் ஒரே நிறமாக இருக்கவேண்டும் என்பது எங்கள் விதி. சட்டை ஐந்து ரூபாய், சேலை பத்து ரூபாய் என்று எழுதி வைப்போம். பெண்கள் அதையும் விட மாட்டார்கள். மீன் விற்ற வாய் அல்லவா? ஐந்தை மூன்றாக்குவார்கள், நாங்களும் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுக் கொடுப்போம். முரண்டு பிடிக்காமல் கொடுத்தால் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. கொடுப்பவரின் பெயர் அங்கே பேசப்படுவதில்லை. ஒரே பள்ளியின் துணியை அதே பள்ளிப் பிள்ளைக்கு விற்பதில்லை. பாகூர் பக்கத்து நண்பர் ஒருவர் அங்கே திரட்டுவதை இங்கே அனுப்புவார், இங்கே திரட்டுவது அங்கே போகும். சாலைக்கு மேற்கே கூலி வேலை செய்யும் குடும்பங்களும் வருகின்றன. முதல் ஆண்டில் அவர்கள் தனியே, பொழுது சாய்ந்த பின் வந்தார்கள். இப்போது ஒரே நேரத்தில் வருகிறார்கள். ஒரே சேலைக்கு இரு தரப்பும் போட்டியிட்டதையும் கண்டேன்.

இடருற்ற நேரத்துக்கு இது போதாது என்பதையும் கண்டோம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது எங்கள் ஊர்க் கரையோரத்தில் சில வீடுகள் கடலில் சரிந்தன. புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புகள் எழுந்த நாளிலிருந்தே வடக்குக் கரையை மணலரிப்பு தின்று வருகிறது. அது தனிப் பேச்சுக்குரியது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. வீட்டுக்குள் இடுப்பளவு நீர் நிற்பவரிடம் ஐந்து ரூபாய்க்குச் சட்டை விற்க முடியுமா? அந்த நேரத்தில் நாங்கள் செய்தது, மேசையில் சேர்ந்திருந்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் திரட்டி, புதுச்சேரிக் கடையில் புதிய துண்டும் லுங்கியும் சேலையும் வாங்கியதுதான். வாங்குமுன் ஒவ்வொரு தெருவிலும் ஒரு பெண்ணைக் கேட்டோம். பெரும்பாலோர் சேலையைக் கேட்கவில்லை. உள்பாவாடையும் உலர்ந்த போர்வையும்தான் கேட்டார்கள். கேளாமல் போயிருந்தால் ஐம்பது சேலை வாங்கியிருப்போம்.

அடுத்த விற்பனை வரும் மாதம் நடக்கிறது. சேலைகள் வேண்டிய அளவு சேர்ந்துவிட்டன. பட்டு இரவிக்கைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, அவற்றை என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் அளவுக்கு ஏற்ற அரைக்காற்சட்டைகள்தாம் போதவில்லை. அந்த வயதில் அவர்கள் அவற்றைக் கிழிக்காமல் விடுவதில்லை என்பதே காரணம். எங்கேனும் கிழியாத ஒன்றிரண்டு இருந்தால், துவைத்து வையுங்கள்.